பதினான்காம் பிரிவில் ஒரு கண்

சட்ட வரைவுத் துறையின் மூன்றாம் மாடியில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். எதிரில் சொன்னால் கத்தரி மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் கத்தரி. காய்க்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீளமான வாக்கியம் எதுவாவது மாட்டினால் அவளுக்குக் கை நமநமக்கும். வெட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

மொழிப்பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னலோரம் இரண்டு மேசை, நான்கு தடித்த அகராதி, ஒரு தட்டச்சர், அவ்வளவுதான். சட்டம் படித்தவர்கள் எழுதித் தருகிற வரைவை, வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தருவது அங்கே வேலை. கத்தரி தமிழ் படித்தவள். சட்டம் ஒரு வரி படித்ததில்லை. அதையே ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாள். எனக்கே புரிந்துவிட்டால் எல்லாருக்கும் புரியும் என்பாள்.

இரண்டு வருடமாக அந்த மேசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது வாரிசுரிமை மசோதா. உயில் எப்படி எழுதுவது, அறக்கட்டளையை யார் நடத்துவது, ஒன்றும் எழுதாமல் செத்துப்போனால் சொத்து யாருக்குப் போகும் என்று தொண்ணூறு வருடத்துக்கு முன் எழுதிவைத்த சட்டத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய சட்டம் இருக்கிறதே, ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மூன்றாம் பக்கத்தில்தான் மூச்சுவிடும். மரணசாசனம், பாத்தியதை, சுவாதீனம், பரிபாலனம். செத்தவரே எழுந்து வந்து படித்தாலும் தன் வீடு யார் கைக்குப் போயிற்று என்று கண்டுபிடித்திருக்க முடியாது. கத்தரி புகுந்து விளையாடினாள். மரணசாசனம் உயில் ஆயிற்று. பாத்தியதை உரிமை ஆயிற்று. அறக்கட்டளைப் பரிபாலன கர்த்தா ஒரே வெட்டில் பொறுப்பாளர் ஆனார். முந்நூறு பக்கம் இளைத்து நூற்றுப்பத்துக்கு வந்து நின்றது.

அதில் அவள் தலைமேல் வைத்துக்கொண்டாடிய இடங்கள் இரண்டு. முதலாவது, மூன்றாம் பிரிவு. ‘இந்தச் சட்டத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் நேரான பொருளே பொருள், சுற்றிவளைத்து வேறு பொருள் கொள்ளக் கூடாது.’ ஒரே சொல்லைப் பிடித்து இழுத்து வருடக்கணக்கில் வழக்கு நடத்துகிறவர்களுக்கு அவள் போட்ட பூட்டு அது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இரண்டாவது, பதினான்காம் பிரிவு. சாட்சிகள் இருவரும் உயில் எழுதியவரின் ‘முன்னிலையில்’ கையெழுத்துப் போட வேண்டும் என்பது பழைய சட்டம். முன்னிலை என்றால் என்ன? பக்கத்து அறையில் இருந்தால் முன்னிலையா, வீடியோவில் தெரிந்தால் முன்னிலையா? மசோதாவை ஆராய்ந்த குழுவில் இதை வைத்து ஒரு மாதம் மல்லுக்கட்டினார்கள். வயதானவர்களைப் போனிலேயே மிரட்டி எழுதி வாங்கிவிடுவார்கள் என்று பாதிப் பேருக்குப் பயம். கத்தரி சும்மா இருந்திருக்கலாம். தமிழ் படித்தவளாயிற்றே, இலக்கணத்தில் நீ, நீங்கள் என்பதுதான் முன்னிலை என்று ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லிவைத்தாள். அப்படியானால் போனில் ‘நீங்க’ என்று பேசினாலே முன்னிலை ஆயிற்றே என்று ஒரு உறுப்பினர் அதையே பிடித்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா. சண்டை இன்னொரு வாரம் நீண்டது. கடைசியில் அவளே பச்சை மையால் முன்னிலையை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: ‘ஒரே அறையில், அவருடைய கண்ணெதிரே.’

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. சண்டை அன்றோடு ஓய்ந்தது. குழுவின் தலைவி, பள்ளி நடத்திப் பழகியவர், பாராட்டு என்பதைக் கஞ்சத்தனமாகவே செலவழிக்கிறவர், அவரே கை தட்டினார். அமைச்சர் சபையில் எழுந்து நின்று, இனி உங்கள் உயிலுக்கு உங்கள் கண்ணே காவல் என்று முழங்கினார். மேசைகள் தட்டப்பட்டன. கத்தரிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் தயாராகிச் செயலரின் தட்டில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. முப்பது வருட வேலையில் அவளுக்கு வரவிருந்த முதல் கடிதம் அது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இனி போர்டுக்காரர். அந்தக் கட்டடத்துக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் எல்லாம் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சின்ன அறைக்குத்தான் முதலில் வரும். அங்கே இருபத்தாறு வருடமாகக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர் அவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. குரலை வைத்து ஆளைச் சொல்வது எல்லாரும் செய்வது. அவர் தும்மலை வைத்து எக்ஸ்டென்ஷன் நம்பரைச் சொல்லுவார். வாய் மட்டும் வம்பு வாய். செயலர் புதிதாக வந்த காலத்தில், போர்டில் இருப்பது யார் என்று அதட்டிக் கேட்டதற்கு, ‘நான்தான் சார், நீங்க யாருன்னு நான் கேக்கவே வேண்டியதில்ல, குரல்லயே கோவம் வருது’ என்றவர்.

மதியச் சாப்பாட்டுக்குக் கத்தரி எப்போதும் அங்கே இறங்கிவிடுவாள். மேலே உட்கார்ந்தால் யாராவது ஒரு வரைவைக் கொண்டுவந்து சோற்றுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கீழே அந்தத் தொல்லை இல்லை. போர்டுக்காரர் நேற்று டிவியில் பார்த்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுவார். ஆமாம், பார்த்தேன் என்றுதான் சொல்லுவார். பேப்பர் பார்த்தேன், படம் பார்த்தேன், நாளைக்குப் பார்க்கலாம். ஆரம்பத்தில் கத்தரிக்கு ஒரு மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை அச்சான மசோதாவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை காலை சபையில் கடைசி ஓட்டெடுப்பு. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடைமுறை. அன்றைக்குப் போர்டுக்காரர் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் உயிலைப் பற்றிக் கேட்டார்.

அவருக்கு உயில் இருப்பதே கத்தரிக்கு அப்போதுதான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பே ஒரு வக்கீல் அலுவலகத்தில் எழுதிவைத்துவிட்டாராம். இரண்டு அறை உள்ள சின்ன வீடு, அவர் சம்பாதித்து வாங்கியது. அவருக்குப் பிறகு அது அண்ணிக்கு. அண்ணன் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அண்ணி அதே வீட்டில் இருந்து இன்றுவரை அவரைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை, போக்கிடமும் இல்லை. ஆனால் சட்டம் அண்ணியைக் கணக்கில் எடுப்பதில்லை. ரத்த உறவு என்று இருப்பவர் ஒரு தம்பி. எங்கோ தொலைவில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை போன் செய்வார். போன தடவை, வீட்டை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். உயில் செல்லாமல் போனால் வீடு மொத்தமும் அந்தத் தம்பிக்கு.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கத்தரி கேட்டாள். அடுத்த மாதம் இருபதாம் தேதி தனக்கு இதய ஆபரேஷன் என்றார். நெஞ்சைத் திறக்கப்போகிறார்களாம். ‘உள்ள என்ன இருக்குன்னு அவங்களாவது பாக்கட்டும்’ என்று சிரித்தார். புதுச் சட்டம் முதல் தேதி வந்துவிடும், அதற்குப் பிறகு யார் இறந்தாலும் அவர் உயிலைப் புதுச் சட்டப்படிதான் பார்ப்பார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள், அப்படியானால் என் பழைய உயில் நிற்குமா நிற்காதா என்பதுதான் அவர் கேள்வி.

கத்தரிக்கு உச்சி குளிர்ந்தது. இதைவிட நல்ல வாசகர் அவளுக்கு எங்கே கிடைப்பார். கண்டிப்பாக நிற்கும் என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, பதினான்காம் பிரிவை எடுத்து, மேடையில் படிக்கிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். ‘சாட்சிகள் இருவரும் உயில் எழுதியவர் இருக்கும் ஒரே அறையில், அவருடைய கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். அவ்வாறு கையெழுத்திடப்படாத உயில் செல்லாது.’

போர்டுக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். “யாரு கண்ணு மேடம்?”

கத்தரி சிரித்துவிட்டாள். அது சும்மா வழக்கில் சொல்வதுதானே என்றாள். அவரும் சிரித்தார். அப்படியானால் சரி என்றார். பிறகு, எதையோ தேடி எடுப்பவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். “ஆனா சுத்திவளைச்சுப் பொருள் சொல்லக் கூடாதுன்னு மூணாம் பிரிவுல பூட்டுப் போட்டிருக்கேன்னீங்களே. ரெண்டு மாசமா அதத்தானே எங்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்க?”

கத்தரி பதினான்காம் பிரிவில் விரல் வைத்து இன்னொரு முறை வாய்க்குள் படித்தாள். போர்டில் விளக்கு எரிந்து மணி ஒலித்தது. அவர் திரும்பி யாரையோ யாருக்கோ இணைத்துவிட்டு மறுபடி இவள் பக்கம் வந்தார். அன்றைக்கு வக்கீல் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னார். “ஒருத்தர் பேனா கீச்சுகீச்சுன்னு எழுதுச்சு. இன்னொருத்தர் குண்டு போல, மூச்சு வாங்கிக்கிட்டே போட்டாரு. நான் அறியத்தான் மேடம் ரெண்டு கையெழுத்தும் விழுந்துச்சு. அது போதாதா?”

போதும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த வரியில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் போதாது. புதிதாக ஒரு உயில் எழுதினாலும் போதாது. நூறு எழுதினாலும் போதாது, ஏனென்றால் இவருடைய கண்ணெதிரே உலகத்தில் யாராலும் கையெழுத்துப் போட முடியாது.

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றார் போர்டுக்காரர், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. “நான் போயிட்டா எனக்கெதுக்கு வீடு? அண்ணி எங்க போவாங்க, அதான்.”

பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மூன்று மாடியும் ஏறும்போது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கண்டிப்பாக என்று சொன்னேனே. பார்த்துக்கொள்ளலாம் என்று வேறு சொன்னேனே. கண்ணும் கருத்துமாக இரண்டு வருடம் எழுதினேனே. கண் என்னவோ இருந்தது, கருத்தைத்தான் காணோம். இந்தப் பாழாய்ப்போன மொழியில் கண் இல்லாத பேச்சே கிடையாதா என்று, பாவம், தமிழையும் நாலு திட்டு திட்டினாள்.

மேலே போனதும் நேராக வரைவாளரிடம் போனாள். மசோதாவின் சட்டப் பகுதியெல்லாம் அவர் கைவேலை. நிதானமான மனிதர். கோர்ட்டெல்லாம் அப்படி எடுத்துக்கொள்ளாது, பார்வையில்லாதவர்களே டிவி பார்த்தேன் பேப்பர் பார்த்தேன் என்று சொல்வதில்லையா என்றார். கத்தரி மூன்றாம் பிரிவைத் திருப்பி வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். “பூட்டு நல்ல பூட்டு மேடம்” என்றார். “ஆனா உள்ள நம்ம ஆளே மாட்டிக்கிட்டாரே.”

வழி என்ன என்று கேட்டதற்கு, வழி குறுகலாக இருக்கிறது என்றார். சபையில் விவாதம் முடிந்துவிட்டது. இனி ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் குழுவைக் கூட்டி, அவர்கள் ஒத்துக்கொண்டு, அமைச்சர் சபையில் திருத்தம் கொண்டுவர வேண்டும். கண்ணே காவல் என்று முழங்கியவர் அதே வாயால் கண்ணை எடுங்கள் என்று சொல்ல வேண்டும். அச்சுப்பிழை என்றால் மட்டும் இவ்வளவு பாடு கிடையாது. புதன் மாலை ஐந்து மணிக்குள் பிழைதிருத்தத் தாளில் ஒரு வரி சேர்த்து, மொழிப்பிரிவும் அச்சகமும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவர் இதைத் தகவலுக்காகத்தான் சொன்னார். கத்தரிக்கு அது வேறு மாதிரி கேட்டது. பிழைதிருத்தத் தாள் அவள் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக அந்தத் தாளில் எழுதினாள். பக்கம் பதினாறு, வரி ஒன்பது, ‘கண்ணெதிரே’ என்பதை ‘முன்னிலையில்’ என்று திருத்திப் படிக்கவும். ஒரே ஒரு வரி. யாருக்கு நஷ்டம்? சொல் பழையபடி ஆகிவிடும், உயில் பிழைக்கும், அண்ணிக்கு வீடு நிற்கும். பாராட்டுக் கடிதமும் வந்துசேரும். கடைசியாகச் சொன்னதைத் தான் நினைக்கவே இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நினைக்காதவளுக்கு அது ஏன் ஞாபகம் வர வேண்டும்?

அச்சகம் பின்கட்டடத்தில் இருந்தது. அதன் மேற்பார்வையாளருக்கு ஈயம் என்று பெயர். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து இருப்பவர். எழுத்தெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய அச்சகத்தில் மூன்று வருடமாக ஒரு பிழை பதிவானதில்லை. அதைச் சுவரில் எழுதி மாட்டியிருந்தார்.

கத்தரி தாளை நீட்டினாள். ஈயம் வாங்கிப் படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். எங்கள் தப்பு என்றே இருக்கட்டும் மேடம் என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். வாதாடியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சுவரில் இருந்த பலகை அவளுக்கு நேரே தொங்கியது.

கையெழுத்துக்கு முன்னால் மூலத்தைப் பார்ப்பது அவருடைய பழக்கம். கை தானாகப் போய் அலமாரியிலிருந்து கைப்பிரதியை எடுத்தது. பதினான்காம் பிரிவில், அடிக்கப்பட்ட ‘முன்னிலையில்’ மேல், பச்சை மையில் ‘ஒரே அறையில், அவருடைய கண்ணெதிரே’. பக்கத்தில் அவளுடைய சுருக்கொப்பம், வாலைச் சுழற்றி, மகிழ்ச்சியாகப் போட்டது. ஈயம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடறேன் மேடம், எனக்கொண்ணும் குறைஞ்சுடாது” என்றார். “ஆனா இந்தக் கைப்பிரதி இங்கயேதான் இருக்கும். நாளைக்கு ஒரு வக்கீல் வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும். அச்சு சரியாத்தானே இருக்கு, எதைத் திருத்தினீங்கன்னு அவர் கேட்டா, இந்தத் தாள் நிக்காதே?”

தம்பி ஒரு வக்கீலை வைப்பார். வக்கீல் இங்கே வந்து நிற்பார். பொய்யான திருத்தம் விழும், கண்ணெதிரே எழுந்து உட்கார்ந்துகொள்ளும், அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார். கத்தரிக்கு வரிசையாக எல்லாம் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுக்குக் காதுவரை சுட்டது. தாளை அவர் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தாள். மன்னிச்சுக்குங்க என்றாள். எதுக்கு என்று கேட்டார் ஈயம், நிஜமாகவே தெரியாதவர் மாதிரி.

புதன்கிழமை காலை செயலரிடம் போய் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், கிழித்த தாள் உட்பட. செயலர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டு முடித்ததும் தட்டில் மேலாக இருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் கோப்புகளுக்கு அடியில் வைத்தார். அது எந்தக் கடிதம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு, இதைக் குழுவிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டார். நான்தான் என்றாள் கத்தரி.

மாலை மூன்று மணிக்குக் குழு கூடியது. அவசரமாகக் கூட்டிய எரிச்சல் ஒன்பது முகத்திலும் இருந்தது. கத்தரி எழுந்து நின்று, பதினான்காம் பிரிவின்படி பார்வையில்லாத ஒருவர் இனி உயிலே எழுத முடியாது, ஏற்கெனவே எழுதியதும் செல்லாது என்றாள். ஒருவர் கையில் இருந்த மசோதாவைப் புரட்டினார். இன்னொருவர், கைதட்டலில் முன்னால் நின்றவர், தண்ணீர் குடித்தார்.

குழுத் தலைவி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “நாங்க கைதட்டினோமே, அந்தச் சொல்லா?”

“அதே சொல்தாங்க.”

“அச்சுப்பிழைன்னு ஏதாவது...”

“இல்லீங்க. நான் எழுதினது. நீங்க கைதட்டினப்போ வேண்டாம்னு சொல்லாம நின்னதும் நான்தான்.”

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று கத்தரி எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை, வேலையைப் பார்த்தார். முன்னிலைக்குத் திரும்பிப் போனால் போன் சண்டை மறுபடி கிளம்பும், அதற்கு இப்போது நேரமில்லை என்றார். கண்ணெதிரே என்பதை மட்டும் அடித்துவிட்டு ஒரே அறை என்று விட்டுவிடலாமே என்றார் ஒருவர். அப்படியானால் கிழவர் தூங்கும்போது மூலையில் உட்கார்ந்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாமா என்று இன்னொருவர் சீறினார். அதுவும் நியாயம்தான்.

“சொல்லைக் கெடுத்தவங்க நீங்க. நீங்களே ஒரு சொல் குடுங்க” என்றார் தலைவி. “எல்லாருக்கும் புரியணும். எல்லாருக்கும் பொருந்தணும்.”

கத்தரிக்கு அகராதி நான்கும் மறந்துபோயின. முப்பது வருடத் தமிழில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. பேனா கீச்சுகீச்சென்று எழுதுகிற சத்தமும், குண்டான ஒருவர் மூச்சு வாங்குகிற சத்தமும்தான் காதில் கேட்டன, அவள் இருந்திராத ஓர் அறையிலிருந்து.

“அறிய” என்றாள். “ஒரே அறையில், அவர் அறிய.”

தலைவி அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். தூங்குகிறவர் அறிய முடியாது. போனில் இருப்பவர் ஒரே அறையில் இல்லை. பார்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறியலாம். ஊரறிய என்று எல்லாரும் சொல்கிற சொல்தான். ஒன்பது பேரில் ஒருவருக்கும் மறுத்துச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கைதட்டலும் இல்லை. தலைவி எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை சபையில் அமைச்சர் திருத்தத்தை ஒரே மூச்சில் படித்தார். எதிர்வரிசையில் ஒருவர், காவலுக்கு வைத்த கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். சபை சிரித்தது. இது மொழிப்பிரிவின் பிழை, அவர்களே கண்டு ஒப்புக்கொண்ட பிழை என்று அமைச்சர் பதில் சொன்னார். அந்த வரி நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. சபை இருக்கிறவரை அது அங்கே இருக்கும். மசோதா நிறைவேறியது. கத்தரி பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதும், அவளுக்கு வேறு எதையும்விடப் பசிதான் முதலில் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டோடு படியிறங்கினாள். போர்டுக்காரரிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. செயலர் அறையிலிருந்து அமைச்சருக்கும், அமைச்சரிடமிருந்து குழுத் தலைவிக்கும் புதன்கிழமை எத்தனை அழைப்பு போயிற்று என்று அவருக்குத் தெரியும். நான் ஒட்டுக்கேட்கிறவன் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இணைக்கும்போது மூச்சு விடுகிற வேகத்தை வைத்தே விஷயம் பெரிது என்று தெரிந்ததாம்.

படிங்க என்றார். கத்தரி இந்த முறை ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் படித்தாள். ‘சாட்சிகள் இருவரும் உயில் எழுதியவர் இருக்கும் ஒரே அறையில், அவர் அறியக் கையெழுத்திட வேண்டும்.’

அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“இது நான் சொன்னதாச்சே” என்றார் பிறகு.

“ஆமா. திருடிட்டேன்.”

“அப்ப உயில் நிக்கும்.”

“நிக்கும்” என்றாள் கத்தரி. கண்டிப்பாக என்று சொல்லவில்லை. “வரைவாளர்கிட்டயும் கேட்டுட்டேன். நிக்கும்.”

அவர் விரல்களால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு இந்த உயிலைப் பற்றித் தெரியுமா என்று கத்தரி கேட்டாள். தெரியாது என்றார். சொன்னால், நீங்க இருக்கும்போது எனக்கெதுக்கு இந்தப் பேச்சு என்று சண்டைக்கு வருவார்களாம். ஆறு வருடமாகச் சொல்லவில்லை. இந்த வாரம் செல்லாது என்று ஆகியிருந்தால், அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சொல்லிவிட்டுப் போர்டின் பக்கம் திரும்பினார். வெளி லைனை எடுத்தார். எண்களைப் பார்க்காமல் அழுத்தினார் என்று சொன்னால் சிரிப்பார், அதனால் விடுவோம், அழுத்தினார். மறுமுனையில் எடுக்கும்வரை காத்திருந்தார்.

“அண்ணி, நான்தான். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். வீட்டை உங்க பேருக்கு எழுதி வெச்சிருக்கேன். ஆறு வருஷம் ஆச்சு.”

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கத்தரிக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சரி என்றார். மறுபடி சரி என்றார்.

“என்ன சொல்றாங்க?”

“வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வரச் சொல்றாங்க.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

போர்டுக்காரர் கையை உயர்த்தி அவளைப் பேசவேண்டாம் என்றார். போர்டில் இரண்டு விளக்குகள் எரிந்தன, மணி அடித்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் எடுக்கவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னும் போனை வைக்கல” என்றார் மெதுவாக. “அழுறாங்க.”